தற்காலிகக் கோப்புக்கு நீங்கள் பெயர் வைக்காதீர்கள்

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப் பழகிய புதிதில், ஓர் அலுவலக சர்வரில் மாதக் கணக்கு அறிக்கை தயாரிக்க ஒன்று எழுதிக் கொடுத்தேன். இடையில் வரும் வரிகளைப் போட்டு வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறைக்குள் ‘ரிப்போர்ட்’ என்று ஒரு கோப்பை உருவாக்கி, அதில் எழுத வைத்தேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதக் கடைசியில் இரண்டு பேர், ஒரே பயனர் கணக்கில், ஒரே நேரத்தில் அதை ஓட்டினார்கள். ஒரு கிளையின் வரிகள் இன்னொரு கிளையின் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பதற்கு நியாயமாகவே இருந்தது, அதனால் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

பிழை கணக்குப் போட்டதில் இல்லை. கோப்புக்கு நானே பெயர் வைத்ததுதான் பிழை. அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிடுவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். லினக்ஸ் இருந்தால் போதும். மேக் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டுவது போல, ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கோப்பை அழிக்கும் கட்டளை வருகிற பாடத்தில் நகலெடுத்து ஒட்டும் பழக்கம் வேண்டாம் என்பது என் கட்சி.

பெயர் வைத்தால் என்ன ஆகும்?

டிஎம்பி என்பது பொதுச் சத்திரம். அதன் அனுமதி எண் 1777. அந்தக் கணினியில் கணக்கு உள்ள யாரும் அங்கே கோப்பு உருவாக்கலாம். முதலில் இருக்கும் 1 என்ற எண்ணுக்கு ஸ்டிக்கி பிட் என்று பெயர். ஒருவர் வைத்த கோப்பை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாமல் அது தடுக்கிறது. ஆனால் நீங்கள் நாளை வைக்கப்போகும் பெயரில் இன்றே ஒருவர் ஏதாவது வைத்துவிட்டால், அதை ஸ்டிக்கி பிட் தடுக்காது.

அப்படி வைப்பது சாதாரணக் கோப்பாக இல்லாமல் சிம்பாலிக் லிங்க்காக இருந்தால்தான் வினை. லிங்க் என்பது வேறோர் இடத்தைச் சுட்டும் கைகாட்டி. நிர்வாகியின் ஸ்கிரிப்ட் ‘ரிப்போர்ட்’ என்று நினைத்து எழுதும். எழுத்து போய் விழுவதோ லிங்க் சுட்டுகிற கோப்பில். அது கடவுச்சொல் கோப்பாகவும் இருக்கலாம். இந்தத் தொல்லை பல ஆண்டுகள் நீடித்ததால், 2012இல் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 3.6இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்ட பொதுக் கோப்புறையில் பிறர் வைத்த லிங்க்கைப் பின்தொடர அது மறுக்கும். நல்ல பூட்டுதான். ஆனாலும் எல்லாக் கணினியிலும் அது போடப்பட்டிருக்கிறது என்று நம்பி ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது.

சிலர் பெயரோடு இரட்டை டாலர் குறியைச் சேர்ப்பார்கள். அந்த இடத்தில் புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், எண் வந்து உட்காரும். பழைய ஸ்கிரிப்ட்களில் எங்கு பார்த்தாலும் இதுதான். அந்த எண்ணின் வழக்கமான உச்சவரம்பு வெகுகாலம் 32,768 ஆக இருந்தது. அதுவும் வரிசையாக ஏறிக்கொண்டு போகும் எண். அடுத்தது என்னவென்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

‘கோப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் உருவாக்குகிறேனே’ என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியே காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, படியேறி உள்ளே போவதற்குள் அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார் அல்லவா? சோதிப்பதும் உருவாக்குவதும் இரண்டு செயல்கள். நடுவில் இடைவெளி இருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் பார்த்த கணமே துண்டைப் போட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய கட்டளையும் அதைத்தான் செய்கிறது. ‘இந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் மட்டும் உருவாக்கு, இருந்தால் தோற்றுப்போ’ என்று கெர்னலிடம் ஒரே அழைப்பில் கேட்கிறது. நடுவில் யாரும் புக இடமில்லை.

படி 1: வெறுமனே ஓட்டிப் பாருங்கள்

கட்டளையின் பெயர் எம்கேடெம்ப். தற்காலிகமானதை உருவாக்கு என்பதன் சுருக்கம். எம், கே என்ற இரண்டு எழுத்துகள், ஒட்டியபடியே டெம்ப். 1997இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 2.1ஆம் பதிப்புடன் வந்தது; பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது.

டெர்மினலைத் திறந்து அதை மட்டும் தட்டி என்டர் அழுத்துங்கள். திரையில் ஒரு முகவரி வரும்: டிஎம்பி கோப்புறை, அதற்குள் ‘டிஎம்பி’ என்று தொடங்கும் பெயர், ஒரு புள்ளி, பிறகு தாறுமாறாகப் பத்து எழுத்துகளும் எண்களும். அந்தக் கோப்பு இப்போது உண்மையிலேயே இருக்கிறது, காலியாக. மறுபடி ஓட்டினால் வேறு பெயர் வரும். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் என்று 62 வாய்ப்புகள்; பத்து இடங்களுக்குமாகச் சேர்த்தால் எட்டாயிரத்து முந்நூறு கோடி கோடிக்கு மேல். ஊகிக்கட்டும் பார்க்கலாம்.

அந்தக் கோப்பை ‘எல்எஸ் -எல்’ கொண்டு பார்த்தால், அனுமதிப் பகுதியில் ஆர், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும், மற்றவை வெறும் கோடுகள். எண்ணாகச் சொன்னால் 600. உங்களைத் தவிர வேறு சாதாரணப் பயனர் யாரும் அதைப் படிக்க முடியாது. இந்த 600 பின்னால் ஓரிடத்தில் காலை வாரும், நினைவில் வையுங்கள்.

படி 2: முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்

பெயரை நாம் வைக்கவில்லை என்பதால், வந்த பெயரை ஒரு மாறியில் வாங்கி வைக்க வேண்டும். மாறிக்கு எஃப் என்று ஓர் எழுத்தில் பெயரிடுவோம்:

எஃப்=$(எம்கேடெம்ப்) || எக்ஸிட் 1

சமக்குறிக்கு இரு புறமும் இடைவெளி விடாதீர்கள், ஷெல்லுக்குப் பிடிக்காது. கடைசியில் உள்ள இரட்டைச் செங்குத்துக் கோட்டுக்குப் பொருள்: ‘முன்னது தோற்றால் பின்னதைச் செய்’. வட்டு நிரம்பியிருந்தாலோ கோப்புறையில் அனுமதி இல்லாமல் போனாலோ ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் எழுதுங்கள். டெர்மினலில் நேரடியாகத் தட்டினால், கட்டளை தோற்கும்போது உங்கள் டெர்மினலே மூடிக்கொள்ளும்.

பங்ஷனுக்குள் எழுதும்போது இந்த வரியின் முன்னால் ‘லோக்கல்’ என்று சேர்த்தால் தோல்வி மறைந்துவிடும். லோக்கல் வெற்றி பெற்றது என்ற செய்திதான் ஷெல்லுக்குப் போகும். அதைத் தனி வரியில் முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மதிப்பைக் கொடுங்கள்.

பயன்படுத்தும்போதெல்லாம் "$எஃப்" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். முகவரியில் இடைவெளி வந்தால் மேற்கோள் இல்லாத மாறி இரண்டு துண்டாக உடையும்.

படி 3: பல கோப்புகள் வேண்டுமென்றால் ஒரு கோப்புறை

மூன்று நான்கு தற்காலிகக் கோப்புகள் தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். ஒரு கோப்புறையாகக் கேளுங்கள். டைரக்டரி என்பதன் முதலெழுத்தை, முன்னால் ஒரு கோடு போட்டுச் சேர்த்தால் போதும்:

பாக்ஸ்=$(எம்கேடெம்ப் -டி) || எக்ஸிட் 1

பாக்ஸ் என்பது மூன்று ஆங்கில எழுத்துகள் கொண்ட மாறி. வந்த கோப்புறையின் அனுமதி 700. உள்ளே நுழைய உங்களால் மட்டுமே முடியும். இனி அதற்குள் ‘ரிப்போர்ட்’ என்றோ ‘லிஸ்ட்’ என்றோ இஷ்டம்போல் பெயர் வைக்கலாம், ஏனென்றால் இது சத்திரம் இல்லை, உங்கள் அறை. நான் ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றாலும் இப்படித்தான் கேட்கிறேன். சுத்தம் செய்வதும் எளிது.

படி 4: போகும்போது துடைத்துவிட்டுப் போவது

தற்காலிகக் கோப்பைத் தானாக யாரும் உடனே அழித்துவிடமாட்டார்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் அழிக்கும் கட்டளையை வைத்தால், நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தியதும் அந்த வரிக்கே போகாமல் ஸ்கிரிப்ட் செத்துவிடும். அதற்குத்தான் டிராப் என்ற கட்டளை. ஆர்எம் என்பது அழிக்கும் கட்டளை. கோப்புறை உருவான வரிக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்:

டிராப் 'ஆர்எம் -ஆர்எஃப் "$பாக்ஸ்"' எக்ஸிட்

இங்கே கடைசிச் சொல்லான எக்ஸிட் மட்டும் பேரெழுத்தில். ‘எப்படி வெளியேறினாலும் இதைச் செய்துவிட்டுப் போ’ என்று பொருள். வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை மேற்கோள்.

ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய ஷெல் பாஷ் என்று அதன் முதல் வரியில் குறிப்பிட்டிருக்க வேண்டும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் வெறும் எஸ்எச் என்று எழுதினால் ஓடுவது டேஷ் என்ற சின்ன ஷெல். கன்ட்ரோல்-சி அழுத்திக் கொல்லும்போது அது இந்த டிராப்பை மதிக்காது. நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ‘கில் -9’ கொண்டு கொன்றால் எந்த ஷெல்லாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்கிரிப்டில் இந்த இரண்டு வரிகளையும் எழுதி, மூன்றாவது வரியில் பாக்ஸின் மதிப்பை எக்கோ கொண்டு திரையில் காட்டி, நான்காவதாக 60 விநாடி காத்திருக்கும் ‘ஸ்லீப் 60’ வையுங்கள். ஓடும்போது இன்னொரு டெர்மினலில் அந்தக் கோப்புறை இருப்பதைப் பாருங்கள். கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள், போயிருக்கும்.

படி 2இல் தோல்வியைச் சோதிக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது. பாக்ஸ் காலியாக இருக்கும்போது, அதற்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு அழிக்கச் சொன்னால், அந்த வரி கணினியின் வேர் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் குறிக்கும். வேரை மட்டும் அழிக்கச் சொன்னால் ஆர்எம் மறுக்கும். நட்சத்திரம் போட்டுவிட்டால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. ஆகவே நட்சத்திரமே வேண்டாம், கோப்புறையை முழுதாக அழியுங்கள்.

படி 5: பெயரில் அடையாளம் வேண்டுமென்றால்

டிஎம்பியில் இருபது கோப்புகள் கிடக்கும்போது எது எவருடையது என்று தெரியவில்லையா? பெயரின் தொடக்கத்தை மட்டும் நீங்கள் கொடுக்கலாம்: முழு முகவரி, உங்கள் சொல், ஒரு புள்ளி, அதன்பின் பேரெழுத்தில் எக்ஸ் பத்து முறை. எக்ஸ் இருக்கும் இடங்களில் தாறுமாறான எழுத்துகள் நிரப்பப்படும். மூன்று எக்ஸ் இருந்தாலே லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் கஞ்சத்தனம் வேண்டாம். எக்ஸ்கள் கடைசியில் இருக்கட்டும். அவற்றுக்குப் பின் எதையாவது சேர்த்தால் மேக்கில் அவை எழுத்தாக மாறாமல் அப்படியே நின்றுவிடும். ‘-டி’ என்ற இன்னொரு விருப்பம், டெம்ப்ளேட்டின் முதலெழுத்து, இரண்டு கணினிகளிலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. முழு முகவரி எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை.

பெயரை மட்டும் சொல்லி, கோப்பை உருவாக்காமல் விடும் ‘-யூ’ என்ற விருப்பமும் உண்டு. கையேடே அதைப் பாதுகாப்பற்றது என்கிறது. மறுபடி ஜன்னல் வழியே இருக்கையைப் பார்த்த கதைதான்.

படி 6: பழைய கோப்பைப் புதியதால் மாற்றும்போது

மக்கள் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், பாதி எழுதிய நிலையில் யாரும் பார்க்கக் கூடாது. அப்போது தற்காலிகக் கோப்பை டிஎம்பியில் வைக்காதீர்கள்; பட்டியல் இருக்கும் அதே கோப்புறையில் உருவாக்கி, எழுதி முடித்தபின், பெயர் மாற்றும் கட்டளையான எம்வி கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் ஒரே செயலாக நடக்கும்: பார்ப்பவருக்கு முழுப் பழையது கிடைக்கும் அல்லது முழுப் புதியது. டிஎம்பி பல கணினிகளில் தனிக் கோப்பு முறைமை. அங்கிருந்து எம்வி செய்தால் பின்னணியில் நகலெடுப்புதான் நடக்கும். பாதி நகலை ஒருவர் படித்துவிடலாம்.

நான் சொன்ன 600 காலை வாரும் இடம் இதுதான். புதிய கோப்பு அந்த அனுமதியோடுதான் வந்து உட்காரும். ஒருமுறை இப்படி ஓர் இணையப் பக்கத்தை அழகாக மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வெப் சர்வரால் அதைப் படிக்கவே முடியவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் ‘அனுமதி இல்லை’ என்ற 403 பிழை. எம்விக்கு முன்னால், எல்லாரும் படிக்கும்படி அனுமதியை மாற்றும் ‘சிஎச்மோட் 644’ என்று ஒரு வரி போதுமாக இருந்தது.

இடம் பற்றி ஒரு சொல்

ஃபெடோரா 18 முதலே, இப்போது டெபியன் 13இலும், டிஎம்பி கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. கணினியை மறுபடி தொடங்கினால் எல்லாம் போய்விடும். பத்து ஜிபி வீடியோவைப் பிரித்து வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்கு அது இடமில்லை. வார் கோப்புறைக்குள் இன்னொரு டிஎம்பி இருக்கிறது. அது வட்டில் இருப்பது, மறுதொடக்கத்தைத் தாண்டியும் நிற்பது. படி 5இல் சொன்னபடி முழு முகவரி எழுதும்போது அதைக் கொடுங்கள். பல லினக்ஸ்களில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் வழக்கமான ஏற்பாட்டில் முதல் டிஎம்பியில் 10 நாளும் இதில் 30 நாளும் தொடாமல் கிடப்பவை துடைக்கப்படும். பல விநியோகங்கள் இந்த நாட்களைத் தங்களுக்கேற்ப மாற்றி வைத்திருக்கின்றன. ஆக, ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எதையும் அங்கே விட்டு வைக்காதீர்கள்.