சிப்பிப்பாறை இன நாய்க்குட்டியை வீட்டோடு பழக்குவது எப்படி?

ஓநாய் வழியில் வந்த நாய் குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதரோடு வாழ்கிறது. ஜெர்மனியின் பான் நகரருகே 14,000 ஆண்டுப் பழமையான புதைகுழியொன்றில் மனிதர் இருவரோடு நாயும் கிடந்தது. ஆயினும் அந்த உறவை ஒவ்வொரு குட்டியிடமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால், எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குங்கள். அடுத்த நான்கு வாரங்களுக்குள் குழந்தைகள், விருந்தினர், மிக்சியின் ஓசை, தெருவில் போகும் ஆட்டோ என அனைத்தையும் அச்சமூட்டாமல் அறிமுகப்படுத்திவிட வேண்டும்.

ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் கூடுதல் என்பதால் சோறு ஒத்துக்கொள்ளும். ஆனால் முட்டையோ இறைச்சியோ சேர்க்க வேண்டும், வெங்காயம் போட்ட குழம்பு கூடவே கூடாது. விலா எலும்பு தெரிகிறதே என்று அண்டை வீட்டார் பரிதாபப்படுவார்கள். சிப்பிப்பாறையின் உடல்வாகே அப்படித்தான்.

பெயர் சொல்லி அழைத்து, அது நிமிர்ந்து உங்கள் கண்ணைப் பார்த்த நொடியில், வேகவைத்த ஈரல் துண்டொன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனமாதலால் ஓடுவதையெல்லாம் துரத்தும். வெளியே வார் அவசியம், ஆனால் நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பது கொடுமை. சுற்றுச்சுவருள்ள இடத்தில் தினமும் ஓடவிடுங்கள்.