அவுட்போர்டு மோட்டார்: கயிறு இழுக்கும் முன்னும் கரையேறிய பின்னும்

ஃபைபர் படகில் மாட்டும் 9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு, 10 லிட்டர் பெட்ரோலில் 200 மில்லி ஆயில் என்பது வழக்கமான கலவை. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பிடியுங்கள். ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும். பைக் ஆயில் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கில் கரி கட்டும்.

முதலில் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறங்கள். மறந்தால் கொஞ்ச தூரம் போய் இன்ஜின் நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பைக் கெட்டியாகும் வரை அழுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சோக்கை இழுங்கள். ஸ்டாப் ஸ்விட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து புரொப்பல்லரால் வெட்டும். இன்ஜினை நிறுத்தி அதைத் தடுப்பது அந்தக் கயிறுதான். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடிப்பு தட்டும் இடம்வரை மெதுவாக, பிறகு வெடுக்கென்று இழுங்கள். நாலைந்து இழுப்பில் கிளம்பாமல் பெட்ரோல் வாடை அடித்தால் சோக்கை உள்ளே தள்ளி, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

கிளம்பியதும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னாலுள்ள சிறு துளையிலிருந்து பீச்சுகிறதா? இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அலையில் கரையேறும்போது உறிஞ்சிய மணல் துளையில் அடைத்திருக்கலாம். தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்தினால் வழிவிடும். உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கீழ்ப்பகுதியில் இருந்து தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். அதன் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து நிமிராமல் நிற்கும், அடியில் வெடிப்பு தெரியும். ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். தண்ணீரில்தான் அதற்கு வழுக்கலே. மணலில் நிறுத்திச் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்தால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, சல்லடை முழுக மூழ்கவைத்து, நியூட்ரலில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். புரொப்பல்லர் பக்கம் கை போகக்கூடாது. மண்ணெண்ணெய் மாடலை நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள்; கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் கிளம்பாது.

100 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர் ஆயிலை வடியுங்கள். மோர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் மேல்திருகை முதலில் மூடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றியும் பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் ஷாஃப்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புத் துண்டுதான்.