வேகமாக்கப் போய்ப் படுத்துவிட்ட கம்ப்யூட்டர்: அதற்கு மேல் செய்யக் கூடாதவை

சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் எட்டு வருடப் பழசு. நாலு ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தால் அப்போதுதான் டெஸ்க்டாப் தலைகாட்டும். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, லீவுக்கு வந்த பேரனுக்குத்தான் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரை ராக்கெட் ஆக்குகிறேன் என்கிற வகை வீடியோ ஒன்றைப் பார்த்து, தாத்தாவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்திருக்கிறான். ரீஸ்டார்ட் ஆனதும் வழக்கமான பின் நம்பரை அது ஏற்கவில்லை. என்னவோ ஆகிவிட்டது, உங்கள் பின் இப்போது கிடைக்காது என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது.

எனக்குப் போன் வந்தது மூன்று நாள் கழித்து. பையன் செய்தது மொத்தம் இரண்டு தப்பு, இரண்டையும் இருபது நிமிடத்தில் திருப்பிவிடலாம். அந்த மூன்று நாளில் பெரியவர்கள் சேர்ந்து செய்தது அதைவிட அதிகம்: பத்துப் பன்னிரண்டு தடவை பவரைப் பிடுங்கியிருக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் கேபினட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார், கடைசியில் ஒரு சர்வீஸ் கடையில் 'ஃபார்மட் போட்டுடலாம் சார், சாயங்காலம் வாங்கிக்கோங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அந்தக் கட்டத்தில் சித்தப்பாவுக்கு, தான் அந்த மெஷினில் வைத்திருந்த சங்கக் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டு மெஷின்கள் நிறைய என்னிடம் வந்திருக்கின்றன. முதல் தப்பில் செத்த மெஷினை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று அடுத்தடுத்துக் கை வைத்ததில்தான் போயிருக்கும்.

அதனால் முதலில், என்ன செய்யப்பட்டது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். செய்தவரைத் திட்டினால் 'நான் ஒண்ணுமே பண்ணல' என்பதுதான் பதிலாக வரும். பையனும் என்னிடம் முதலில் 'ரெண்டு டிக்தான் மாமா போட்டேன்' என்றான். சரி, எந்த வீடியோ என்று காட்டு என்றேன். யூடியூப் ஹிஸ்டரியில் அது அப்படியே இருந்தது, இரண்டு பேரும் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். இதைவிட நல்ல குறிப்பு உங்களுக்குக் கிடைக்காது, ஏனென்றால் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் அதில் உள்ளதை வரி தவறாமல் செய்திருப்பார்கள். மெஷின் திறக்கிற நிலையில் இருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும், இன்ஸ்டால் ஆன புரோகிராம்களைத் தேதிவாரியாகவும் பாருங்கள். அந்த நாளில் வந்தவை எல்லாம் சந்தேகக் கேஸ்கள்.

எழுதியதில் பாதியைக் கவலையில்லாமல் அடித்துவிடலாம். டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்தான், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தான், அனிமேஷனை நிறுத்தினான்: இதனாலெல்லாம் எதுவும் கெடாது. பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பது வேகத்துக்கு என்று சொல்வார்கள். நடப்பது நேர் எதிர், அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எடுத்து வைத்திருந்த குறிப்புதான் போகிறது, அடுத்த சில தடவை இன்னும் மெதுவாகத் திறக்கும், அப்புறம் தானே சேர்த்துக்கொள்ளும். விட்டுவிடலாம்.

பையன் மாட்டியது, விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று அமைக்கிற எம்எஸ்கான்ஃபிக்கில். இந்த ஒரு ஜன்னல் எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது! அதில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பிராசஸர் எண்ணிக்கை, அதிகபட்ச மெமரி என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் டிக் போட்டுப் பெரிய எண்ணாகக் கொடுத்தால் முழு சக்தியும் வரும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. உண்மையில் டிக் போடாத வரைக்கும்தான் விண்டோஸ் எல்லா கோர்களையும் எல்லா ரேமையும் எடுத்துக்கொள்கிறது. அவை டெவலப்பர்கள் சோதனைக்காக, குறைந்த வசதியுள்ள மெஷினில் தங்கள் புரோகிராம் எப்படி ஓடும் என்று பார்ப்பதற்காக வைத்த தடுப்புகள், முடுக்கி கிடையாது. மெமரி கட்டம் இன்னும் மோசம்: அங்கே கொடுக்கிற எண் ரேமின் அளவைச் சொல்வதில்லை, எந்த முகவரி வரைக்கும் தொடலாம் என்ற எல்லையைச் சொல்கிறது. ரேமில் ஒரு பகுதி அந்த எல்லைக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும் என்பதால், நாலு ஜிபி மெஷினில் நாலு ஜிபி என்று சரியாகவே எழுதினாலும் கொஞ்சம் காணாமல் போகும். ரொம்பக் குறைத்து எழுதிவிட்டால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

இரண்டாவது, சர்வீசஸ் பகுதி. மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறை என்கிற கட்டத்தில் டிக் போடாமலே 'எல்லாவற்றையும் நிறுத்து' பட்டனை அமுக்கியிருக்கிறான். ஒலி, பிரிண்டர், வைஃபை, பின் நம்பரைச் சரிபார்க்கும் வேலை எல்லாமே விண்டோஸ் பின்னணியில் ஓட்டுகிற சர்வீஸ்கள்தான், எல்லாம் ஒரே அடியில் போய்விட்டது. பின் ஏற்காததன் ரகசியம் இவ்வளவுதான், கம்ப்யூட்டரில் உடைந்தது என்று எதுவும் இல்லை.

திரும்பி வரும் வழி சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும் நிலை. லாகின் திரையில் ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரையில் டிரபிள்ஷூட் வரும், அதற்குள் போய் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், வரும் பட்டியலில் நெட்வொர்க்கோடு சேர்ந்த சேஃப் மோடுக்கு எஃப்5. அங்கேயும் பின் பெரும்பாலும் செல்லாது, பாஸ்வேர்டு கேட்கும். பின் நம்பரிலேயே வருடக்கணக்காகப் பழகியவர்களுக்கு பாஸ்வேர்டு என்று ஒன்று இருந்ததே மறந்திருக்கும். சித்தப்பா டைரியில் கேஸ் கனெக்‌ஷன் நம்பருக்குக் கீழே எழுதி வைத்திருந்தார், பிழைத்தோம். மறந்துவிட்டது என்று போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், மெஷினுக்கு நெட் கிடைத்தால்தான் புதுப் பாஸ்வேர்டு அதற்குத் தெரியும். லேன் ஒயர் இருந்தால் செருகிவிடுங்கள், வைஃபையை அந்த நேரத்தில் நம்ப வேண்டாம். உள்ளே போனதும் எம்எஸ்கான்ஃபிக்கில் நார்மல் ஸ்டார்ட்அப், பூட் பகுதியில் அந்த இரண்டு டிக்கையும் எடுப்பது, ரீஸ்டார்ட். அவ்வளவுதான். அதே ஜன்னலில் 'சேஃப் பூட்' என்று இன்னொரு கட்டம் இருக்கும், அதில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலேயே போய் நிற்கும், பாஸ்வேர்டும் தெரியாதென்றால் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது.

பவரைப் பிடுங்குவதைப் பற்றிக் கொஞ்சம். லாகின் திரையே வராமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து நிறுத்தி, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரையைக் காட்டும். அதற்காகச் செய்வது சரி. ஆனால் அப்டேட் என்று சதவீதம் ஓடும்போதோ, டிஸ்க் பரிசோதனை நடக்கும்போதோ பொறுமை போய்ப் பிடுங்குவது வேறு கதை, அப்போது பாதி எழுதிய சிஸ்டம் ஃபைல்கள் பாதியிலேயே நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலைகள் மணிக்கணக்கில் ஓடும். லைட் மினுக்குகிறதா, டிஸ்க் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

இதே பொறுமை ரிப்பேர் கமாண்டுகளுக்கும் வேண்டும். சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கும் என்று தோன்றினால் முதலில் டிஸம், அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி கெட்ட ஃபைலுக்குப் பதில் நல்லதை எடுப்பது மெஷினுக்குள்ளேயே இருக்கிற ஒரு இருப்பிலிருந்து. அந்த இருப்பைச் செப்பனிடுவது டிஸம். பலர் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு சரியாகவில்லையே என்கிறார்கள். டிஸம் 62.3 சதவீதத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதும் பிரசித்தம், நின்றுவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள், போகும்.

அடுத்து, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்கிற ஒரு கிளீனர் டூல் கெடுத்ததைச் சரிசெய்ய இன்னொரு கிளீனரை இறக்குவது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன், அதைச் சரிசெய்ய இன்னொரு சங்கு வாங்கி வந்த கதை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும், அதில் முந்நூறு 'பிழை'களை அழித்தால் வேகம் கூடும் என்பது கண்ணுக்குத் தெரியாத கணக்கு, மைக்ரோசாஃப்டே இந்த டூல்களை ஆதரிப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டது என்றால், கோபத்தில் அந்த டூலை உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்! பல டூல்கள் அழிப்பதற்கு முன் பேக்கப் எடுத்து வைத்திருக்கும், திருப்பிப் போடும் பட்டனும் அதற்குள்ளேயே இருக்கும். முதலில் அதைப் பயன்படுத்திவிட்டு அப்புறம் துரத்துங்கள். விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் ஆன் ஆகியிருந்தால் கைகொடுக்கும், உங்கள் போட்டோக்களைத் தொடாது, இடையில் போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் அப்டேட்டுகளும் போகும். விண்டோஸ் 10-இல் நிறைய மெஷின்களில் அது ஆஃப் ஆகியே வருவதுதான் சோகம். டிரைவர் அப்டேட்டர் போட்டுச் சத்தமோ திரையோ போயிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன் இருக்கிறது, அது போதும்.

சி டிரைவில் இடம் பிடிக்கிறது என்று வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரையும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் அழிக்கிறவர்கள் தனி ரகம். முதலாவது, பார்க்கிற அளவுக்கு இடத்தை அடைப்பதே இல்லை, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் காட்டுவதால் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவது போனால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து ஒரு புரோகிராமை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது.

எதிர்வீட்டுக்காரர் கழற்றிய பேட்டரிக்கு வருகிறேன். அந்த வட்டமான சிறிய பேட்டரியைக் கழற்றினால், விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்புகிற பயாஸ் தன் அமைப்புகளை மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும், விண்டோஸில் ஒன்றும் மாறாது. சித்தப்பா மெஷினில் தேதி மட்டும் பல வருடம் பின்னால் போயிருந்தது, அப்படியே விட்டிருந்தால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தியிருக்கும். வேறு சில மெஷின்களில் டிஸ்க்கோடு பேசும் முறை, ஏஎச்சிஐ என்றும் ரெய்டு என்றும் இருக்குமே, அது மாறிப்போய் நீலத் திரையோடு விண்டோஸ் எழும்பாமல் நிற்கும். பயாஸில் பழையபடி மாற்றினாலே எழுந்துவிடும். இது தெரியாமல் ஹார்ட் டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. புது லேப்டாப்களில் பயாஸைத் தொட்டால், டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர் விழித்துக்கொண்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்த மெஷின் என்றால், அந்தக் கணக்கை போனில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். அந்தக் கீ இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது, ஆகவே கீ கையில் இல்லாமல் பயாஸ் பக்கம் போக வேண்டாம்.

உதவி தேடி நெட்டில் அலையும்போது 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று திரையை அடைத்துக்கொண்டு ஒன்று வரலாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. கூப்பிட்டு, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள்.

இப்போது ஃபார்மட். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது அரை மணி வேலை. நாம்தான் 'முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கு' என்று தலையாட்டிவிடுகிறோம். டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் டவுன்லோட்ஸும் இருப்பது சி டிரைவில்தான், நம் ஆட்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் போட்டு வைக்கிறார்கள். கணக்கு எழுதும் டேலி இருந்தால் அதன் டேட்டா எந்த ஃபோல்டரில் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, யாருமே யோசிக்காதது: பழைய தமிழ் எழுத்துருக்கள். சித்தப்பாவின் பத்து வருடச் சங்கக் கடிதங்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் வகை எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவும் சேர்ந்து அழிந்துவிட்டால், கடிதம் பத்திரமாக இருந்தும் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக இறைந்து கிடக்கும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். விண்டோஸ் எழும்பவில்லை என்றாலும் நகலெடுக்கலாம்: ரிப்பேர் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று அடித்து, அதில் ஃபைல் திறக்கும் ஜன்னலில் எல்லா ஃபைல்களையும் காட்டச் சொன்னால், அங்கிருந்தே காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டலாம். அழகான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கும். அப்புறமும் ஃபார்மட்டுக்கு முன்னால், ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, புரோகிராம்களும் அமைப்புகளும் மட்டும் போகும்.

எல்லாம் சரியான பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பையனுக்குக் காட்டினேன். பிராசஸர் சும்மா இருந்தது, டிஸ்க் நூறு சதவீதத்தில் சிவந்து நின்றது. மெதுவாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க், எந்த டிக்காலும் அதைச் சுழல வைக்கிற வேகத்தைக் கூட்ட முடியாது. மறுவாரம் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு நாலு ஜிபி ரேமும் போட்டோம், பழைய டிஸ்க்கை எதையும் அழிக்காமல் பீரோவில் வைத்தாயிற்று. பேரனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்: 'மாமா, எம்எஸ்கான்ஃபிக் திறந்தா தாத்தா பாஸ்வேர்டு கேக்குது, உங்களுக்குத் தெரியுமா?'