கரட்டுக்கு எண்ணெய், பீட்ரூட்டுக்குத் தண்ணீர்: நிறமிகளை வீட்டிலேயே அறியும் முறை

வெள்ளவத்தைச் சந்தையில் ஒரே பைக்குள் வாங்கிவரும் கரட்டும் பீட்ரூட்டும் நிறத்தில் மட்டுமன்றி, அந்த நிறம் எதில் கரைகிறது என்பதிலும் வேறுபட்டவை. அதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், எதை எப்படிச் சமைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

படி 1: முதலில் கரட்டையும் பிறகு பீட்ரூட்டையும் தனித்தனியே துருவுங்கள். வரிசை மாறினால் பீட்ரூட்டின் சாயம் கரட்டில் ஏறிவிடும்.

படி 2: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீரும், இரண்டில் தேங்காயெண்ணெயும் ஊற்றுங்கள். கொழும்பு வெக்கையில் எண்ணெய் உறையாது. எனினும் அக்குவளைகளைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்குவது நல்லது. ஒவ்வொரு துருவலிலும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரிலும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலும் இட்டுக் கலக்கி, 20 நிமிடம் விடுங்கள்.

படி 3: பீட்ரூட் தண்ணீரைச் சிவக்க வைக்கும், கரட் எண்ணெயைச் செம்மஞ்சளாக்கும். கரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. உடல் அதை உறிஞ்சி விற்றமின் ஏ ஆக மாற்றுவதற்கு உணவில் சிறிதளவு கொழுப்பு வேண்டும் என்பதால், வெறும் கரட்டை விடத் தேங்காய்ப்பூ சேர்த்த கரட் சம்பலே மேலானது. ஆனால் இதே நிறமியை மாத்திரையாக விழுங்குவது வேறு விடயம்: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 1994இல் வெளியான முடிவுகளின்படி, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபிடிப்பவர்கள் அம்மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கரட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பீட்ரூட்டின் சிவப்பு நிறமியான பெட்டானின் தண்ணீரில் கரைந்து, நீண்ட சூட்டில் சிதைவது. ஆகவே தோலுடன் முழுதாக அவித்து, பிறகு உரியுங்கள். சாப்பிட்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், அது தீங்கற்றது. கல் உருவாகத் துணைபோகும் ஒக்சலேற்று என்ற பொருள் மிகுந்த கிழங்கு என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

படி 4: வல்லாரை இலைகள் சிலவற்றைத் தேசிப்புளி விட்ட நீரில் கொதிக்கவைத்துப் பாருங்கள். புளிப்பும் சூடும் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றுவதால், இலை பழுப்புப் பச்சையாகும். மீதி வல்லாரையைப் பச்சையாகவே பொடிப்பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் பிசறி வையுங்கள். கண்ணின் விழித்திரையில் சேரும் லூட்டின் என்ற மஞ்சள் நிறமியும் கீரைகளின் பச்சைக்குள் மறைந்திருக்கிறது. அதுவும் கொழுப்பில் கரைவதே. தேசிப்புளியைப் பரிமாறும்போது மட்டும் விடுங்கள்.