டிவிடெண்ட் பங்குகளை ஸ்கிரீனரில் வடிகட்டுவது எப்படி? ஈல்டு எண்ணைச் சரிபார்க்கும் முறையோடு

ஈவுத்தொகை அதிகம் தரும் பங்குகளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஏதாவது ஒரு தளத்தில் பட்டியலைத் திறந்து, டிவிடெண்ட் ஈல்டு (ஓர் ஆண்டு டிவிடெண்ட் பங்கு விலையில் எத்தனை சதவீதம்) பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே நிற்கும் ஐந்து பெயர்களைக் குறித்துக்கொள்வார்கள். வில்லங்கம் பெரும்பாலும் அந்த ஐந்தில்தான் இருக்கும். நிபந்தனை வைத்துப் பங்குகளை வடிகட்டும் கருவியான ஸ்கிரீனரை வைத்து எதை வாங்கலாம் என்பதைவிட எதை ஒதுக்கலாம் என்று பார்ப்பதே சரி.

இதற்கு ஸ்கிரீனர் டாட் இன் தளத்தையே பரிந்துரைக்கிறேன். டிக்கர்டேப், புரோக்கர் செயலிகள் ஆகியவற்றிலும் வடிகட்டும் வசதி உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் பட்டையை இழுத்து வரம்பு வைக்க வேண்டும். ஸ்கிரீனரில் நிபந்தனைகளை வரிவரியாக எழுதிச் சேமிக்கலாம், பங்கின் பெயரைச் சொடுக்கினால் பத்தாண்டு லாப நட்டக் கணக்கும் அங்கேயே திறக்கும். இந்த வேலைக்கு அந்தக் கணக்கு மிக அவசியம்.

இலவசக் கணக்கில் உள்நுழைந்து, ஸ்கிரீன்ஸ் பகுதியில் புதிய ஸ்கிரீனைத் திறங்கள். வரும் பெட்டியில் கீழுள்ளவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

டிவிடெண்ட் ஈல்டு > 3
ஆண்ட் மார்க்கெட் கேபிடலைசேஷன் > 2000
ஆண்ட் ஆவரேஜ் டிவிடெண்ட் பேஅவுட் 3இயர்ஸ் < 90
ஆண்ட் டெட் டு ஈக்விட்டி < 0.5
ஆண்ட் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 3இயர்ஸ் > 0

பெயர்களை முழுதாக நினைவில் வைத்திருக்க வேண்டாம், இரண்டு மூன்று எழுத்து தட்டியதும் பரிந்துரை வரும். அதிலிருந்தே தேர்ந்தெடுங்கள், ஓர் எழுத்து பிசகினாலும் பிழை காட்டும். சதவீதக் குறி போடக்கூடாது. 3 என்றாலே 3 சதவீதம். சந்தை மதிப்பு கோடிகளில் கணக்கிடப்படுகிறது, அதனால் 2000 என்றால் 2000 கோடி ரூபாய்.

டெட் டு ஈக்விட்டி என்பது பங்குதாரர் பணத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்ற விகிதம். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்பது தொழில் ஈட்டிய பணத்தில் முதலீட்டுச் செலவு போக மிஞ்சுவது. பேஅவுட் என்பது லாபத்தில் எத்தனை சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுத்தார்கள் என்ற கணக்கு. பலர் இதற்கு 60, 70 என்று வரம்பு வைக்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. ஐடிசி போல, தொழிலில் திரும்பப் போட அதிகப் பணம் தேவைப்படாத நிறுவனங்கள் 80 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது இயல்பு. 70 வைத்தால் நல்ல பங்குகளும் சேர்ந்து கழிந்துவிடும். 100-ஐ நெருங்கும்போதுதான் கவலைப்பட வேண்டும், லாபத்துக்கு மேல் எடுத்துக் கொடுப்பது வெகுநாள் ஓடாது.

பட்டியல் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானோர் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான்: திரையில் தெரியும் ஈல்டு எந்தெந்த டிவிடெண்டைக் கூட்டி வந்தது?

வேதாந்தா 2022-23 நிதியாண்டில் ஐந்து இடைக்கால டிவிடெண்ட் (ஆண்டுக் கணக்கு முடியும் முன்பே தருவது) அறிவித்தது. 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. மொத்தம் பங்குக்கு 101.50 ரூபாய். 2023 மார்ச் இறுதியில் பங்கு விலை சுமார் 275. கணக்குப்படி ஈல்டு 37 சதவீதம்! தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸுக்குக் கடன் அடைக்கப் பணம் தேவைப்பட்ட காலம் அது. அந்த ஆண்டின் பேஅவுட் 300 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த நிதியாண்டில் டிவிடெண்ட் 29.50 ஆக இறங்கியது. குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க்கிலும் இதே கதை: 2022-23-இல் 75.50, 2023-24-இல் 13. ஈல்டைப் பார்த்து 2023 மார்ச்சில் வாங்கியவருக்கு அந்த 37 சதவீதத்தில் பெரும்பகுதி வரவே இல்லை, அது ஏற்கெனவே வேறொருவர் வங்கிக் கணக்கில் சேர்ந்த பணம்.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பங்கையும் திறந்து, லாப நட்ட அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று ஈபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்), மற்றது பேஅவுட் சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் அந்த ஆண்டின் டிவிடெண்ட் கிடைக்கும். கோல் இந்தியாவின் 2024-25 ஈபிஎஸ் 57 ரூபாய் சொச்சம், பேஅவுட் 46 சதவீதம்; பெருக்கினால் ஏறத்தாழ 26.40. உண்மையில் கொடுத்தது 15.75, 5.60, 5.15 என மொத்தம் 26.50. பேஅவுட்டை முழு எண்ணாக்கியதால் வந்த சின்ன வித்தியாசம் அது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் 24.25, 25.50. இப்படிச் சீராக ஏறும் வரிசையைத்தான் தேட வேண்டும். ஐந்து ஆண்டில் ஒன்று மட்டும் திடீரென்று எகிறி நின்றால், அது சிறப்பு டிவிடெண்ட் என்று எடுத்துக்கொண்டு, அதை நீக்கிவிட்டு ஈல்டைப் போடுங்கள்.

கடந்த 12 மாதங்களைக் கூட்டும் தளங்களில் இன்னொரு கோளாறு வரும். இறுதி டிவிடெண்ட், ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தின் ஒப்புதலுக்குப் பிறகுதான் வழங்கப்படும். ஒரு நிறுவனம் போன வருடம் செப்டம்பரிலும் இந்த வருடம் ஆகஸ்டிலும் கூட்டம் நடத்தினால், இடைப்பட்ட 12 மாதத்துக்குள் இரண்டு இறுதி டிவிடெண்டும் விழுந்து ஈல்டு இரட்டிப்பாகத் தெரியும். நிதியாண்டு வாரியாகக் கூட்டினால் இந்தக் குழப்பம் கிடையாது.

செய்திகளில் வரும் '1000 சதவீத டிவிடெண்ட்' வேறு சங்கதி. அது முக மதிப்பின் (சந்தை விலை அல்ல, பங்குக்கு நிறுவனம் குறித்த அடிப்படை மதிப்பு) மீதான சதவீதம். முக மதிப்பு 1 ரூபாய் என்றால் 1000 சதவீதம் வெறும் 10 ரூபாய்.

தேறிய பங்குகளை கூகுள் ஷீட்டில் போட்டுவையுங்கள். ஒரு பத்தியில் நீங்களே சரிபார்த்த ஆண்டு டிவிடெண்ட், பக்கத்தில் கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷன் எடுத்துத் தரும் சந்தை விலை, மூன்றாவதில் வகுத்தல். குறியீட்டுக்கு முன் என்எஸ்இ என்று சேர்த்து முக்காற்புள்ளி போட மறந்தால் வேறு நாட்டுப் பங்கின் விலை வந்துவிடலாம். பங்குகளின் டிவிடெண்டை அந்த ஃபங்ஷன் தராது, கையால்தான் நிரப்ப வேண்டும். கோல் இந்தியா 400 ரூபாயில் இருந்தால் 26.50-க்கு 6.6 சதவீதம் வரும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து 31.2 சதவீதம் போக, கையில் நிற்பது சுமார் 4.6 சதவீதம். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி முதலீட்டாளர் தலையில்தான் விழுகிறது என்பதால், நான்காவது பத்தியாக வரிக்குப் பிந்தைய ஈல்டையும் போட்டுவிடுங்கள்.

பட்டியலில் அரசு நிறுவனங்களே அதிகம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வரிக்குப் பிந்தைய லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்ச டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2024 நவம்பர் வழிகாட்டுதல். முன்பு அந்த 4 சதவீதம் 5 ஆக இருந்தது.

பிஎஃப்சி, ஆர்இசி போன்ற கடன் கொடுக்கும் அரசு நிறுவனங்களும் அரசு வங்கிகளும் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழும். கடன் விகித நிபந்தனைதான் காரணம். கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவற்றின் தொழில், அதனால் 0.5-க்குள் ஒருநாளும் வராது. ஃப்ரீ கேஷ் ஃப்ளோவும் அவற்றுக்குப் பொருந்தாது. கடைசி இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டுத் தனி ஸ்கிரீனாகச் சேமியுங்கள், அவற்றில் வாராக்கடன் விகிதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வாங்கும் நாளிலும் கவனம் தேவை. இப்போது டி+1 செட்டில்மென்ட் (வாங்கிய அடுத்த வர்த்தக நாளில் பங்கு கணக்கில் சேர்வது) என்பதால், எக்ஸ்-டேட்டும் (அன்று முதல் வாங்குபவருக்கு டிவிடெண்ட் இல்லை) ரெக்கார்ட் டேட்டும் (டிவிடெண்ட் பெறுவோர் யார் என்று பார்க்கும் நாள்) பொதுவாக ஒரே நாளில் வரும். எக்ஸ்-டேட் அன்று காலை வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்காது, அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். அதற்காக அவசரப்படவும் வேண்டாம். எக்ஸ்-டேட்டில் ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு விலை இறங்கித்தான் திறக்கும். தேதியைச் செய்தியில் பார்க்காமல் பிஎஸ்இ அல்லது என்எஸ்இ தளத்தின் கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் பக்கத்திலேயே பாருங்கள். போனஸ், பங்குப் பிரிப்பு தேதிகளும் அங்கேயே இருக்கும். 1:1 போனஸுக்குப் (ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசம்) பிறகு, பழைய டிவிடெண்டைப் பாதியாக்காமல் புதிய விலையால் வகுத்தால் உங்கள் ஷீட்டிலும் ஈல்டு இரட்டிப்பாகக் காட்டும்.