எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: கிளம்பும் முன் கிரெடிட்டை உறுதி செய்வது எப்படி?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களுக்கு விசா பற்றியும் தங்குமிடம் பற்றியும் சொல்லித்தர ஆள் நிறைய. அங்கே படித்த பாடம் நம் கல்லூரியில் கணக்கில் ஏறுமா என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கிளம்புவதற்கு முன் அதிக நேரம் பிடித்த வேலையும் இதுதான். அறை பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம். கிரெடிட் ஏறவில்லையென்றால் திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி எழுத வேண்டும், பட்டமும் தள்ளிப்போகும்.

விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் முடிந்து இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

செமஸ்டர் எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் தொடங்குவதில்லை. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கி ஜூனில் முடியும். ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், தேர்வு மார்ச் வரைகூட இழுக்கும். உங்கள் கல்லூரியில் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் திறக்கிறது என்றால் மோதல் அங்கேயே வந்துவிட்டது. வகுப்பு முடியும் தேதியை விட்டுவிட்டு, கடைசித் தேர்வின் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

2. கிரெடிட் எண்ணிக்கை

ஐரோப்பாவில் பெரும்பாலும் ஈசிடிஎஸ் (ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான கிரெடிட் முறை) கணக்கு. முழு ஆண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். பிரிட்டனில் முழு ஆண்டுக்கு 120, அதாவது அவர்களுடைய இரண்டு கிரெடிட் ஒரு ஈசிடிஎஸ். அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 15 வரும், அதனால் அங்கே ஒரு கிரெடிட்டை இரண்டு ஈசிடிஎஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கல்லூரி எந்த விகிதத்தில் மாற்றுகிறது என்பதை எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சீனியர் சொன்ன விகிதம் போன வருடத்தோடு போயிருக்கலாம்.

3. பாடத்துக்குப் பாடம் பொருத்தம் பார்ப்பது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஒப்புதல் தரும் பேராசிரியர் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் தலைப்புகளைப் பார்க்கிறார். உதாரணத்துக்கு, உங்கள் பட்டியலில் 'தரவுக் கட்டமைப்புகள்' இருக்கிறது. அங்கே 'அல்காரிதம்கள் 1' என்று ஒரு பாடம். இரண்டு சிலபஸையும் அருகருகே வைத்தால் லிங்க்டு லிஸ்ட், ட்ரீ, ஹாஷிங், கிராஃப் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் உங்கள் சிலபஸில் லேப் உண்டு, அங்கே வாரத்துக்கு ஒரு பயிற்சி வகுப்பு மட்டும். பேராசிரியரின் பேனா நிற்கப்போவது அந்த வரியில்தான். அந்தப் பயிற்சி வகுப்பில் நிரல் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டுமா என்று அங்குள்ள ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வந்த பதிலையும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் நம் தலைப்பு, அடுத்து அங்குள்ள தலைப்பு, எத்தனையாவது வாரம், கடைசியில் 'இல்லை' என்று ஒரு பத்தி. இல்லாததை மறைக்காதீர்கள். நீங்களே காட்டினால் நம்பிக்கை வரும், அவராகக் கண்டுபிடித்தால் மொத்தத்தையும் சந்தேகமாகப் பார்ப்பார். கூகுள் ஷீட்ஸ் போதும், தனி ஆப் எதுவும் தேவையில்லை. நோட்ஸ் ஆப்பில் எழுதி வைப்பதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

சிலபஸை லிங்காக வைத்துக்கொள்ளாதீர்கள், பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். புது செமஸ்டர் வந்ததும் பல்கலைக்கழகங்கள் பழைய பாடப் பக்கத்தை மாற்றிவிடும். இணையப் பக்கமாக மட்டும் இருந்தால் பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கிவிட்டு, வேபேக் மெஷினிலும் (இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் தளம்) ஒரு பிரதி சேமித்துவிடுங்கள், தேதியோடு நிற்கும்.

இன்னொன்று: தேவைக்கு மேல் இரண்டு பாடங்களுக்காவது கூடுதலாக ஒப்புதல் வாங்குங்கள். அங்கே போன பிறகு இடம் நிரம்பியிருக்கும், அல்லது இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் விழும்.

4. கையெழுத்து

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் போகிறவர்களுக்கு 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற படிவம் உண்டு. மாணவர், சொந்தக் கல்லூரி, அங்குள்ள கல்லூரி மூவரும் கையெழுத்திட வேண்டும். 1987இல் தொடங்கிய இந்தத் திட்டம் இப்போது ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களையும் எடுக்கிறது. வேறு வழியில் போகிறவர்களுக்கு இப்படி ஒரு படிவம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது அதே விவரங்களை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, துறைத் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். 'சரிப்பா, வந்து பார்த்துக்கலாம்' என்று வாய்ச்சொல்லோடு அனுப்பினால் அங்கிருந்து நகராதீர்கள். திரும்பி வரும்போது துறைத் தலைவரே மாறியிருக்கலாம்.

நேரில் பார்க்க முடியாவிட்டால் மின்னஞ்சல் போதும். சுருக்கமாக, இப்படி:

'ஐயா, வரும் செமஸ்டரில் எக்ஸ்சேஞ்ச் செல்கிறேன். இணைப்பில் உள்ள அட்டவணைப்படி மூன்று பாடங்களுக்கு ஈடாக அங்குள்ள பாடங்களை ஏற்க வேண்டுகிறேன். லேப் பகுதி பற்றிய அந்த ஆசிரியரின் பதிலும் இணைப்பில் உள்ளது. ஏற்பதாக ஒரு வரி எழுதினால் பதிவுக்கு வைத்துக்கொள்வேன்.'

கையெழுத்தான எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

5. அங்கே போன பிறகு

பாடம் மாற்றினால் அன்றைக்கே தெரியப்படுத்தி, புது ஒப்புதல் வாங்குங்கள். லேர்னிங் அக்ரிமென்ட்டில் மாற்றத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அப்புறம் அசைன்மென்ட், லேப் அறிக்கை எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஒப்புதலில் தகராறு வந்தால் அவைதான் சாட்சி.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் பலரும் மதிப்பெண் எப்படி மாறும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விசாரிக்க வேண்டியது, உங்கள் கல்லூரி மதிப்பெண்ணையே மாற்றி ஏற்றுமா, வெறும் 'தேர்ச்சி' என்று போடுமா என்பதுதான். மாற்றி ஏற்றும் என்றால் கவனம் தேவை. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வாங்கினால் தேர்ச்சி. பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் பாஸ், 16 என்பது அங்கே மிக நல்ல மதிப்பெண். நம் அலுவலகத்தில் யாராவது அதை நேராக 80 சதவீதம் என்று கணக்குப் போட்டால் உங்களுக்கு நஷ்டம். டிரான்ஸ்கிரிப்ட்டோடு (அங்கே படித்த பாடங்கள், மதிப்பெண்கள் அடங்கிய சான்று) அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் விளக்கப் பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல இடங்களில் பின்பக்கத்திலேயே அச்சிட்டுத் தருவார்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: டிரான்ஸ்கிரிப்ட் வரவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கிருந்து ஊர் திரும்பக் கிளம்புவதற்கு முன் அங்குள்ள அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: எப்போது வரும், உங்களுக்கு வருமா கல்லூரிக்குப் போகுமா, எந்த முகவரிக்கு. நூலகப் புத்தகமோ விடுதிக் கட்டணமோ பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட்டை நிறுத்திவைக்கும் இடங்களும் உண்டு. அவருக்கு நின்றது ஒரு நூலகப் புத்தகத்தால். தபாலில் திருப்பி அனுப்பிய பிறகுதான் வந்தது.