திம்புவிலிருந்து புனாக்கா: காலையிலேயே கிளம்புங்கள்

பூட்டான் தலைநகர் திம்புவில் தங்கி ஒரே நாளில் புனாக்கா போய்வர நினைத்தால், காலை 7 மணிக்கெல்லாம் வண்டியில் ஏறிவிடுங்கள். வழியில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சுலா கணவாய். அங்கே 108 ஸ்தூபிகளுக்கு அப்பால் பனிமலைகள் வரிசை கட்டி நிற்கும். வெயில் ஏறினால் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் இறங்க இறங்கப் புழுக்கம்தான். புனாக்கா சுமார் 1,200 மீட்டர், நெல் விளையும் பள்ளத்தாக்கு. மெல்லிய முழுக்கைச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் கழற்றுவது எளிது. இரண்டு ஆறுகள் கூடுமிடத்திலுள்ள கோட்டைக்குள் போகவும் முழுக்கைச் சட்டைதான் சரி.

பாரோ என்ற இன்னொரு பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறைமேல் இருக்கும் புலிக்கூடு மடத்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அந்த ஏற்றத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.